மஞ்சள் ஹெல்மெட்டில் ஒரு பந்தி

உலகத்தில் பயந்தவர்கள் கோடிப் பேர் உண்டு. ஆனால் பயத்தையே உத்தியோகமாக எடுத்துக்கொண்டு, அதற்குச் சம்பளம் வாங்கி, ரிட்டயரும் ஆகி, அதற்கப்புறமும் விடாமல் ஓவர்டைம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் மண்ணூர்பேட்டை ஹவுஸ் ஓனர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வாசல் பலகையில் இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தெரு முழுவதற்கும் அவர் ‘உஷார் சார்’.

பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேஃப்டி டிபார்ட்மெண்டில் இருந்தவர். மெஷின் பக்கம் போகிற ஒவ்வொருவரிடமும் “உஷாரு, கையி உஷாரு” என்று சொல்லுவதுதான் வேலை. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவர் வாயிலேயே குடியேறிவிட்டது. வணக்கத்துக்கும் உஷாரு, போய்வருகிறேன் என்பதற்கும் உஷாரு. கல்யாண வீட்டில் மேடையேறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கும்போதும் “உஷாரு” என்பார். மாப்பிள்ளை ஒரு கணம் திகைத்துப்போய்ப் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பான்.

நாங்கள் மாடிப் போர்ஷன் பார்க்கப் போன அன்று அவர் சமையலறையைக் காட்டவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லவில்லை. நேராக என் கணவரைப் பார்த்து, “நெருப்பு புடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்க?” என்று கேட்டார்.

என் கணவர் மிரண்டுபோய், “இங்க அடிக்கடி புடிக்குமா சார்?” என்றார்.

“ஒரு வாட்டி கூட புடிச்சது கெடையாது. அதான் பயமா கீது.”

ஆபத்து வந்தால் வீட்டிலுள்ளோர் எல்லோரும் ஓடிவந்து கூட வேண்டிய இடம் என்று ஒன்றை அவர் குறித்து வைத்திருந்தார். முதலில் அது பின்பக்கத்து முருங்கை மரத்தடி. முருங்கைக் கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறியும் என்பது ஞாபகம் வந்ததும் வாசல் கேட்டுக்கு மாற்றினார். கேட்டுக்கு நேர் மேலே கரண்ட் கம்பி. கடைசியில் பின்பக்கத்துச் சிமெண்ட் தரையில், மரத்துக்கும் சுவருக்கும் நடுவே, வானத்தைத் தவிர வேறு எதுவும் தலைக்கு மேல் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே நின்றுகொண்டு வானத்தையும் ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தார்.

பால் வாங்கக் கடைக்கு நடந்துதான் போவார். தலையில் ஹெல்மெட் இருக்கும். “வண்டில போறவன் தலைய விட நடந்து போறவன் தலை ஒண்ணும் கெட்டி இல்லியேம்மா” என்பார்.

அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி இதற்கெல்லாம் நேர் எதிர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத பெண்மணி. ஒருநாள் மாவு அரைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “எங்க கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திகீறாங்க. இந்தாளு என் முந்தானைய கெட்டியா புடிச்சிகினே நின்னாரு. இன்னா ஆசைடா மனுசனுக்குன்னு நானும் வெக்கப்பட்டுகினு நின்னேன். அப்பால தான் தெரிஞ்சுது, துணில நெருப்பு பட்டுடப் போவுதுன்னு புடிச்சிகீறாரு.”

இப்படி ஒருவர் கீழே இருந்தால் மாடியில் இருப்பவளுக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா? எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் என் பயம் நெருப்பைப் பற்றியது அல்ல. என் மகள் சாப்பிட மாட்டேன் என்றாள்.

பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். கிண்ணத்தைப் பார்த்தாலே உதட்டைப் பூட்டிக்கொள்வாள். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவார்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். எஸ்டேட் பக்கம் புழுதியில் நிலா எங்கே தெரிகிறது? நான் லாரியைக் காட்டினேன், ஷேர் ஆட்டோவைக் காட்டினேன், ஷிப்ட் முடிந்து போகிறவர்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் ஆசையாகப் பார்ப்பாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். டாக்டர் “தானா சரியாகும்” என்றார். மாமியார் வீடியோ காலில் பேத்தியைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பாப்பா தூங்கும்போது விலா எலும்பைத் தடவிப் பார்ப்பேன். பிள்ளை என் கையிலேயே கரைந்துபோய்விடுவாள் என்று நிஜமாகவே பயந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹெல்மெட்டுக்கு மைனா வந்தது.

கம்பெனியிலிருந்து உஷார் சார் கொண்டுவந்த மஞ்சள் சேஃப்டி ஹெல்மெட் அது. ஹெல்மெட்டுக்கும் ஆயுள் உண்டாம். அது முடிந்தபின் தலையில் வைக்கக் கூடாதாம். ஆனால் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி அதை மல்லாத்திப் போட்டு, மூன்று கம்பியில் கோத்து, துணி காயும் கொடிக்கம்பத்தில் தொங்கவிட்டு, துணிக்கு மாட்டும் கிளிப்புகளை அதில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் கை நிறையத் துணி. மிச்சமான இட்லியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதற்குள் போட்டுவிட்டு மறந்துபோனார். மறுநாள் இரண்டு மைனாக்கள் கிளிப்புகளைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு இட்லியைத் தின்றுகொண்டிருந்தன.

அவை ஏற்கெனவே எங்கள் வீட்டுக் குடித்தனக்காரர்கள்தான். எங்கள் ஜன்னலுக்குக் கீழே சுவரில் பழைய குழாய் எடுத்த ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குள் குஞ்சு பொரித்திருந்தன. உஷார் சாருக்கு இது தெரியவந்த நிமிஷத்தோடு அவர் நிம்மதி போயிற்று. அதுவரை அவர் பயப்பட ஒரு மனைவி, ஒரு மாடிக் குடும்பம், ஒரு கேஸ் சிலிண்டர் மட்டுமே இருந்தன. இப்போது இறக்கை முளைக்காத இரண்டு உயிர்கள் சேர்ந்துகொண்டன.

“உப்பு போடாத சோறு வெய்யி ஸ்டெல்லா. உப்பு ஆவாது. நல்லா கொழைய வடி, தொண்டைல மாட்டிக்கப் போவுது.”

“நான் பெத்த புள்ளைங்களுக்கே இப்படி வடிச்சதில்ல” என்றார் ஆன்ட்டி. ஆனால் வடித்தார்.

குஞ்சுகள் வெளியே வந்த நாளை நான் மறக்க மாட்டேன். கொடிக்கம்பியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. உஷார் சார் அவற்றுக்கு நேர் கீழே ஒரு போர்வையை விரித்துப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். விழுந்தால் பிடிக்க வேண்டுமாம். போர்வையின் மறுமுனை என் கையில். பறக்கப் பிறந்த பறவை விழுந்துவிடுமோ என்று போர்வை பிடித்தவர்கள் எஸ்டேட் சரித்திரத்திலேயே நாங்கள் இருவராகத்தான் இருப்போம். ஒரு குஞ்சு குறி தவறாமல் போர்வைக்குள் எச்சமிட்டது. “ஸ்தோத்திரம்” என்றார் உஷார் சார்.

அப்புறம் ஆரம்பித்தது பந்தி. இரண்டு குஞ்சுகளும் ஹெல்மெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலுக்கடியில் சோறு. குனிந்தால் போதும். குனியாது! சோற்றின் மேலேயே நின்றுகொண்டு, இறக்கையைப் படபடவென்று அடித்து, மஞ்சள் வாயை விரியத் திறந்து, பட்டினி கிடப்பதுபோல அலறும். தாய் மைனா அந்தக் காலடிச் சோற்றையே கொத்தி எடுத்து அந்த வாய்க்குள் திணிக்கும். திணித்த கையோடு மறுபடியும் அலறல். தகப்பன் எங்கிருந்தோ ஒரு வெட்டுக்கிளியோடு ஓடிவரும்.

இடுப்பில் பாப்பாவோடு இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சு வாயைத் திறந்தது. பாப்பாவும் திறந்தாள். கையில் இருந்த பருப்புச் சோற்றை உள்ளே தள்ளினேன். விழுங்கினாள்! குஞ்சு மறுபடி திறந்தது, இவளும் திறந்தாள். கிண்ணம் காலியாகிவிட்டது!

அன்றிலிருந்து மைனாவுக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. ஆனால் உஷார் சார் சும்மா விடுவாரா? சிமெண்ட் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். அதற்கு அப்பால் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. எவர்சில்வர் கிண்ணம் கூடாது, சத்தம் வரும், பிளாஸ்டிக்தான். எல்லோரும் ரகசியக் குரலில் பேச வேண்டும். கீரைக்காரம்மா கூட எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் “கீர... கீர...” என்று காதில் சொல்லுவதுபோல விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தார். கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு உஷார் சார் காலையிலிருந்து காவல் இருந்தார். விசில் பூனைக்கு.

அந்தப் பூனையைச் சொல்ல வேண்டும். சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. பக்கத்து மதிலின் மேல் வந்து படுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, எங்களையும் பறவைகளையும் பார்க்கும். அது எதுவும் செய்யாது. வாலின் நுனி மட்டும் ஆடும். பாப்பா “மியா” என்று சிரிப்பாள். நானும் உஷார் சாரும் சிரித்ததே இல்லை.

ஒரு காலையில் நான் கிண்ணத்தோடு இறங்கி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குழாயடியில் கொஞ்சம் இறகு. கம்பியில் ஒரே ஒரு குஞ்சு. பெரிய மைனா இரண்டும் முருங்கையில் உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

“பூனை இஸ்துகினு பூட்ச்சிம்மா” என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விசில் இன்னும் அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது.

“நான் இங்கதான் கீறேன். அது மதில்லேர்ந்து குதிக்கறத கண்ணால பாக்கறேன். விசிலு வாயில கீது. ஊதறதுக்கு மூச்சு வரலம்மா. பயந்து போய் அப்படியே நின்னுட்டேன்.”

ஆயுசு முழுவதும் மற்றவர்களுக்காகப் பயந்த மனிதர் அவர். அந்தப் பயமே அவரைத் தேவையான நேரத்தில் கட்டிப்போட்டுவிட்டது. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி வெளியே வந்தார், இறகுகளைப் பார்த்தார், கணவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மிச்சமிருந்த ஒற்றைக் குஞ்சுதான் எங்கள் எல்லோருக்கும் உயிர் என்று ஆனது. உஷார் சாருக்கு அது போனால் தானும் போய்விடுவோம் என்பதுபோல ஒரு முகம். எனக்கோ வேறு கணக்கு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது: குஞ்சு போனால் என் பிள்ளையின் சோறும் போய்விடும். இரண்டு பேரும் காலையில் எழுந்ததும் முதலில் கம்பியைத்தான் பார்ப்போம்.

பூனை அதன்பின் வரவில்லை. வந்தது வேறு ஆபத்து. பெரிய மைனாக்கள் ஊட்டுவதை நிறுத்திவிட்டன.

குஞ்சு ஹெல்மெட்டில் நின்று அலறியது. தாய் வந்து சோற்றைக் கொத்தியது, தானே விழுங்கியது. குஞ்சு வாயைத் திறந்துகொண்டு தாயின் மேல் போய் விழுந்தது. தாய் திரும்பி உட்கார்ந்தது. தகப்பன் வெட்டுக்கிளியோடு வந்தது, குஞ்சின் கண்ணெதிரே அதைத் தின்றுவிட்டு மூக்கைக் கம்பியில் துடைத்துக்கொண்டு போயிற்று. அன்று பொழுது சாயும்வரை இதேதான். குஞ்சின் குரல் கம்மிப் போயிற்று. பாப்பாவும் வாய் திறக்கவில்லை. குஞ்சின் வாயில் எதுவும் விழாதபோது இவள் எதற்குத் திறப்பாள்?

உஷார் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஒண்ணு செத்த துக்கத்துல இத்த வெறுத்துட்சிங்க” என்றார். “கைகழுவிட்சிங்கம்மா.”

“அதுவா துன்னக் கத்துக்கட்டும்னு உட்டிருக்குங்க, நீ சொம்மா இரு” என்றார் ஆன்ட்டி. நாங்கள் இருவரும் அவரைக் கல்நெஞ்சக்காரியைப் போலப் பார்த்தோம்.

மறுநாளும் அலறல். அப்போது உஷார் சார் செய்த காரியத்தை, கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். சமையலறைக்குப் போனார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் சட்டத்தில் ஸ்டூல் மேல் ஏறுவதைப் போலப் பெரிய பாவம் கிடையாது. பல்பு மாற்ற ஆள் கூப்பிட்டு, அந்த ஆளின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தானே பிடித்துக்கொள்ளுகிறவர். அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டினார். தலையில் ஹெல்மெட் இல்லை, செருப்பு இல்லை, கயிறு இல்லை. ஸ்டூலைப் போட்டு, ஒரு காலை வைத்து, “ஆண்டவரே” என்று கூப்பிட்டு, மறுகாலையும் வைத்து ஏறி நின்றுவிட்டார். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. ஸ்டூலும் சேர்ந்து நடுங்கியது. விரல் நுனியில் ஒரு உருண்டை சோறு.

“சார், எறங்குங்க சார்!” என்று கத்தினேன். ரகசியக் குரலெல்லாம் மறந்துவிட்டது.

“ஆ காட்டு ராஜா” என்றார் குஞ்சிடம். “பயப்படாத. நான் கீறேன்.”

குஞ்சு அவர் விரலைப் பார்த்தது. வாயைத் திறந்தது. அவ்வளவுதான், இரண்டு பெரிய மைனாக்களும் முருங்கையிலிருந்து அவர் மண்டையில் இறங்கின. ஊட்ட மாட்டோம், ஆனால் அந்நியன் ஊட்டவும் விட மாட்டோம் என்ற கணக்கு. வழுக்கையில் ஒன்று, காதில் ஒன்று. அவர் ஒரு கையால் தலையை மூடி, மறு கையால் எதையாவது பிடிக்கப் போய் ஹெல்மெட்டைப் பிடித்தார். ஹெல்மெட், சோறு, ஸ்டூல், உஷார் சார் எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாகத் தரைக்கு வந்தன.

நான் பாப்பாவை இறுக்கிக்கொண்டு அலறினேன். ஆன்ட்டி ஓடிவந்து இடுப்பில் இருந்த விசிலை ஊதினார். அதை ஏன் ஊதினார் என்று அவருக்கே தெரியாது. தெருவே கூடிவிட்டது. உஷார் சார் மல்லாந்து கிடந்தார். வலது மணிக்கட்டு ஒரு மாதிரியாக மடங்கியிருந்தது. நாங்கள் தூக்கப் போனோம்.

“தொடாதீங்க!” என்றார். வலியால் கத்துகிறார் என்று நினைத்தோம். அவர் கண்ணால் காட்டினார். அவர் தோளுக்குப் பக்கத்தில், சிதறிய சோற்றின் நடுவே, குஞ்சு நின்றுகொண்டிருந்தது. தலையைச் சாய்த்து ஒரு பருக்கையைப் பார்த்தது. கொத்தியது. கீழே போட்டது. மறுபடி கொத்தி விழுங்கியது. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று.

யாரும் அசையவில்லை. உஷார் சாரின் கண்ணோரத் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. “துன்னுது ஸ்டெல்லா, தானா துன்னுது” என்று சொல்லிவிட்டு மயங்கிவிட்டார்.

மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது வந்த ஆட்டோவில் சீட்டுக் கம்பி லூசாக இருந்ததைப் பற்றி நர்சை எச்சரித்திருக்கிறார். அந்த வாரத்திலேயே மைனாக் குடும்பம் எஸ்டேட் மரங்களுக்குப் போய்விட்டது. குஞ்சு எது, பெரியது எது என்று அடையாளம் தெரியாமல் போயிற்று. அவர் அண்ணாந்து பார்த்து எல்லா மைனாவுக்கும் பொதுவாக “உஷாரு” என்பார்.

என் பாடுதான் திண்டாட்டம். கம்பி காலி. பாப்பா கம்பியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், உதட்டைப் பூட்டிக்கொள்வாள். பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் பின்பக்கத்தில் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதிரே நாற்காலியில் உஷார் சார், கழுத்தில் கட்டிய துணியில் கை தொங்க உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி அவருக்குச் சாம்பார்ச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். பாப்பா அதைப் பார்த்தாள். உஷார் தாத்தாவின் வாய் திறந்தது. ஆன்ட்டி கை உள்ளே போயிற்று. பாப்பாவின் உதடு மெதுவாகத் திறந்தது.

உஷார் சார் கவனித்துவிட்டார். அடுத்த வாய்க்கு அவர் முழங்கைகளை, கட்டுப் போட்டதையும் சேர்த்து, இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு “க்யா, க்யா” என்று கத்தினார். வாயில் சோறு இருக்கும்போது சத்தம் போட்டால் புரை ஏறிச் செத்துவிடுவோம் என்று நம்புகிற மனிதர். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். கிண்ணம் காலி.

அதன்பின் தினமும் மத்தியானம் இதுதான். வாரங்கள் போயின. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கழுத்துத் துணி போகவில்லை. “டாக்டர் இன்னும் கொஞ்ச நாளு கைய ஆட்டாதன்னு சொல்லிகீறாரு” என்பார். இவ்வளவு பயந்தவர் சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வது?

ஒருநாள் பாப்பாவுக்கு சீக்கிரமே பசித்துவிட்டது. வழக்கத்துக்கு முன்னதாகவே கீழே வந்தேன். பின்பக்கத்து நாற்காலியில் உஷார் சார் தனியாக உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, வலது கையால் வளைத்து வளைத்துப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு அப்பளத்தை அதே கையால் நொறுக்கினார்.

பாப்பாவின் கொலுசுச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டார். தட்டைத் தள்ளினார். ஈரக் கையை அவசரமாகக் கழுத்துத் துணிக்குள் செருகிக்கொண்டார். சட்டையெல்லாம் சாம்பார்.

“ஸ்டெல்லா! சீக்கிரம் வா, பாப்பா வந்துகீது” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

நான் எதையும் பார்க்காதவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தைப் பிசைந்தேன். திரும்பிப் பார்த்தபோது, ஏற்கெனவே நிறைந்துவிட்ட வயிற்றோடு, என் பிள்ளைக்காக அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த வாயை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் நிறைந்துவிடுகிறது.